ஸ்ட்ராக்கனின் நாக்கைப் பற்றி எழுதினீர்கள், கால்களைப் பற்றி எழுதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஸ்காட்லாந்தின் கார்டன் ஸ்ட்ராக்கனைப் பற்றி வந்த கட்டுரை குறித்து இந்தக் கடிதம். கட்டுரையின் முக்கால் பங்கு, செய்தியாளர்களுக்கு அவர் கொடுத்த பதிலடிகள். சிரிக்க வைத்தன, மறுக்கவில்லை. மீதமிருந்த கால் பங்கில் இரண்டு தீர்ப்புகள்: அவர் ஒரு "மின்னல் வேக விங்கர்" என்பது ஒன்று, மேனேஜராக "செல்டிக்கில் மட்டும் வென்றவர், மற்ற இடமெல்லாம் தோற்றவர்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. முதல் தவறுதான் இரண்டாவதைப் பெற்றெடுத்திருக்கிறது. அவர் எந்த மாதிரியான விங்கர் என்பது புரியாவிட்டால், எந்த மாதிரியான மேனேஜர் என்பதும் புரியாது.

1957 பிப்ரவரி 9 அன்று எடின்பரோவில் பிறந்தவர். ஐந்தடி ஆறங்குலம். டண்டீ கழகத்தில் தொடங்கினார். 1977 நவம்பரில் அபர்டீன் அவரை வாங்கியது. விலை 50,000 பவுண்டு; கூடவே ஜிம் ஷிர்ரா என்ற ஆட்டக்காரரும் டண்டீக்குப் போனார். அப்போது அங்கே மேனேஜர் பில்லி மெக்நீல். அலெக்ஸ் ஃபெர்குசன் வந்தது அடுத்த ஆண்டு கோடையில். ஆகவே "ஃபெர்குசன் கண்டெடுத்த ஸ்ட்ராக்கன்" என்று தங்கள் கட்டுரையில் உள்ள வரி சரியல்ல. ஃபெர்குசன் வந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஃபெர்குசன் செய்தது வேறு வேலை, அது இதைவிடப் பெரியது. அதற்கு வருகிறேன்.

பழைய பாணி விங்கரின் வேலை கோட்டோரம் ஓடி, தடுப்பாட்டக்காரரைத் தாண்டி, கடைசிக் கோட்டுக்குப் போய் கிராஸ் போடுவது, அதாவது கோல் முன்னால் நிற்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது. ஸ்ட்ராக்கனுக்கு அந்த வேகம் கிடையாது. அவர் செய்தது நேர்மாறானது. வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், நிற்பார், உள்பக்கமாகத் திரும்புவார். எதிரணியின் இடது பேக், அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரன், கூடவே உள்ளே வருவான். அவனுக்குத் துணையாக நடுக்கள ஆள் ஒருவனும் வருவான். இரண்டு பேரும் வந்து சேரும்வரை பந்தை விடமாட்டார். விட்டால் பலன் இல்லை. அவர்கள் வந்த பிறகு வெளிப்புறம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் ஓட ஒருவர் வேண்டும். அபர்டீனில் அது வலது பேக் ஸ்டூவர்ட் கென்னடி. வேகம் முழுவதும் அவரிடம்தான். அதாவது ஓடியவர் கென்னடி, ஓடுவதற்கான பாதையைத் திறந்தவர் ஸ்ட்ராக்கன்.

இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. எதிரணிக்கு இது தெரிந்துவிட்டால், தொடக்கத்திலிருந்தே இரண்டு பேரை அவர்மேல் போட்டுவிடும். அபர்டீன் 1980-இல் லீக் பட்டம் வென்ற பிறகு நடந்தது அதுதான். ஃபெர்குசனின் பெரிய வேலை இங்கேதான். 1981-இல் செயின்ட் மிர்ரனிலிருந்து பீட்டர் வெயரை வாங்கி இடது ஓரத்தில் நிறுத்தினார். வெயர் உயரமானவர், நேராக ஓடி ஆளைத் தாண்டுபவர். இப்போது வலப்பக்கம் இரண்டு பேரைக் குவித்தால் இடப்பக்கம் வெயர் தனியாக நிற்பார். 1982, 1983, 1984 என்று தொடர்ந்து மூன்று ஸ்காட்டிஷ் கோப்பைகள், 1984-இல் இன்னொரு லீக் பட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக 1983-இன் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை. ஸ்ட்ராக்கனின் ஆட்டம் இந்த மூன்று ஆண்டுகளில் கூடவில்லை. அவரைச் சுற்றி இருந்த கணக்கு சரியானது. பின்னாளில் அவரே மேனேஜராகி அணிகளைக் கட்டியபோது இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்.

தங்கள் கட்டுரை "தந்திரமான ஃப்ரீ கிக்" என்று ஒரு வரியில் கடந்துபோன விஷயத்துக்கு ஒரு பத்தியாவது தந்திருக்க வேண்டும். 1983 மார்ச் 16, அபர்டீனின் பிட்டோட்ரி மைதானம். அதே ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதியில் இரண்டாவது ஆட்டம், எதிரே பயேர்ன் மியூனிக். முதல் ஆட்டம் மியூனிக்கில் 0-0. இங்கே பயேர்ன் 2-1 என்று முன்னிலை. 77-ஆவது நிமிடத்தில் வலப்பக்கம் ஒரு ஃப்ரீ கிக். ஸ்ட்ராக்கனும் ஜான் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடினார்கள், மோதிக்கொள்வதுபோல் தடுமாறி நின்றார்கள், யார் அடிப்பது என்று குழம்பியவர்களைப்போல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடியே ஸ்ட்ராக்கன் சட்டெனத் திரும்பி பந்தைத் தூக்கிப் போட்டார். அலெக்ஸ் மெக்லீஷ் தலையால் முட்டினார், 2-2. ஒரு நிமிடம்கூட முழுதாகக் கழியவில்லை, மாற்று ஆட்டக்காரர் ஜான் ஹெவிட் மூன்றாவது கோலைப் போட்டார்.

இது ஏன் பலித்தது? ஃப்ரீ கிக்கின்போது தடுப்பாட்டக்காரனுக்கு இரண்டு வேலை: பந்தைப் பார்க்கவேண்டும், தன் பொறுப்பில் உள்ள ஆளையும் பார்க்கவேண்டும். அடிக்க வருபவன் கால் தூக்கும்போது உடல் இறுகும். அடி விழவில்லை என்றால் அந்த இறுக்கம் தளரும். குதிகால் தரையில் படும், கண் குழப்பம் நடக்கும் இடத்துக்குப் போகும். அந்தத் தளர்ச்சிக்கு ஆயுள் ஒரு நொடி. அதற்குள் பந்து வந்துவிட வேண்டும். மெக்லீஷ் தன் ஓட்டத்தை முதல் ஓட்டத்தோடு தொடங்கியிருந்தால் எல்லாம் வீண். பொய்த் தடுமாற்றம் முடியும்வரை அவர் பொறுத்து, இரண்டாவது திருப்பத்தோடு கிளம்பினார். நடுவர் விசிலுக்குக் காத்திருக்கச் சொன்னாலும் வித்தை செத்துவிடும், ஏனென்றால் விசில் எல்லோரையும் விழிக்க வைக்கும். ஒரே எதிரியிடம் இரண்டாம் முறை செய்யவும் முடியாது. இவ்வளவு நிபந்தனைகளோடு, ஐரோப்பிய கால் இறுதியில் தோற்றுக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யத் துணிந்ததுதான் வியப்பு.

மே 11, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான கோதன்பர்க் இறுதியிலும் முதல் கோல் நிறுத்திய பந்திலிருந்துதான். ஸ்ட்ராக்கனின் கார்னரை மெக்லீஷ் பின்னாலிருந்து ஓடிவந்து தலையால் அடித்தார். பந்து தடுப்பாட்டக்காரர்மீது பட்டு விழ, எரிக் பிளாக் உள்ளே தள்ளினார். ரியல் மாட்ரிட் பெனால்டியில் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 112-ஆவது நிமிடத்தில், மீண்டும் ஹெவிட். அரையிறுதிச் சுற்றில் முழங்கால் அடிபட்ட கென்னடி அந்த இறுதியில் ஆடவில்லை. அந்தக் காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையையே முடித்துவிட்டது.

1984 கோடையில் 5 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். இடையில் ஜெர்மனியின் கோல்ன் கழகத்துக்கும் அவர் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்து ஒரு சிக்கல், அதைத் தீர்த்தபிறகே மாற்றம் நடந்தது. முதல் ஆண்டிலேயே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை: எவர்ட்டனை 1-0, பத்துப் பேரோடு ஆடி. 1986 நவம்பரில் ஃபெர்குசன் அங்கேயும் வந்து சேர்ந்தார். இரண்டரை ஆண்டில் ஸ்ட்ராக்கனை விற்றுவிட்டார். வயது 32, முடிந்துபோன ஆட்டக்காரர் என்ற கணிப்பு. அந்தக் கணிப்புக்குப் பிறகு அவர் இன்னும் எட்டு ஆண்டு ஆடினார்.

லீட்ஸ் கழகத்தில் அவர் ஆடிய காலத்தைச் சொல்லும்போது தங்கள் கட்டுரை தேதியைக் குழப்பிவிட்டது. 1989 மார்ச்சில் அவர் சேர்ந்தபோது லீட்ஸ் இரண்டாம் பிரிவில் இருந்தது. மேனேஜர் ஹோவர்ட் வில்கின்சன் அவரையே கேப்டனாக்கினார். 1989-90 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 16 கோல், அணியில் அதுவே அதிகம். ஏப்ரல் 28 அன்று லெஸ்டருக்கு எதிராக 1-1 என்று இழுபறி. சமன் செய்தவர் கேரி மெக்அலிஸ்டர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்ட்ராக்கன் இடது காலால் அடித்த கோலில் லீட்ஸ் தப்பியது. அடுத்த வாரம் போர்ன்மத்தில் லீ சாப்மனின் கோலால் இரண்டாம் பிரிவுப் பட்டம். அந்தக் கோடையில் வில்கின்சன் லெஸ்டரிலிருந்து மெக்அலிஸ்டரையே வாங்கிவிட்டார்.

வலமிருந்து இடமாக ஸ்ட்ராக்கன், டேவிட் பேட்டி, மெக்அலிஸ்டர், கேரி ஸ்பீட். அந்த நால்வர் வரிசை 1991-92-இல் இங்கிலாந்தின் பழைய முதல் பிரிவின் கடைசிப் பட்டத்தை வென்றது. 82 புள்ளிகள், இரண்டாமிடம் மான்செஸ்டர் யுனைடெட், 78. முறை பழையதுதான்: ஸ்ட்ராக்கன் இரண்டு பேரை இழுப்பார், கென்னடியின் இடத்தில் இப்போது வலது பேக் மெல் ஸ்டர்லண்ட் வெளிப்புறம் ஓடுவார், கிராஸ் சாப்மனின் தலைக்கு. முன்னேறிய பேக் விட்டுப்போன ஓட்டையை பேட்டி அடைப்பார். ஸ்ட்ராக்கனுக்கு அப்போது 35 வயது, முதுகு நரம்பு வலி வேறு. வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சி, கடற்பாசி மாத்திரை என்று அவர் பின்பற்றிய உணவுக் கட்டுப்பாட்டைப் பார்த்து அன்றைய ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். மது இல்லாமல் ஆட்டத்துக்குப் பிந்தைய மாலை இல்லை என்ற காலம் அது. 1980-இல் ஸ்காட்லாந்து கால்பந்து எழுத்தாளர்களின் விருது, 1991-இல் இங்கிலாந்து எழுத்தாளர்களின் விருது. இரு நாட்டிலும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரான முதல் ஆள் அவர்.

தேசிய அணிக்கு 50 ஆட்டம், 5 கோல். 1986 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 18-ஆவது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டு, கொண்டாட விளம்பரப் பலகையைத் தாண்ட முயன்று, உயரம் போதாமல் ஒரு காலை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்ற படம் எல்லோரும் பார்த்தது. ஜெர்மனி 2-1 என வென்றது. தங்கள் கட்டுரை விட்டுவிட்டது அதற்கடுத்த ஆட்டம். உருகுவே தடுப்பாட்டக்காரர் ஹோசே பத்திஸ்தா, 56-ஆவது நொடியில் ஸ்ட்ராக்கனை வீழ்த்தி சிவப்பு அட்டை வாங்கினார். உலகக் கோப்பை வரலாற்றில் மிக விரைவான வெளியேற்றம் அதுதான். 89 நிமிடம் பத்துப் பேரோடு ஆடிய உருகுவேக்கு எதிராக ஸ்காட்லாந்தால் ஒரு கோலும் போட முடியவில்லை. 0-0, ஊருக்குத் திரும்பினார்கள். பந்தை அடக்கி ஆடும் ஒருவரை மட்டும் குறிவைத்தால் மற்ற பத்துப் பேருக்கும் வழி தெரியாமல் போகும் என்பதை உருகுவே நன்றாகவே கணித்திருந்தது.

இனி மேனேஜர் ஸ்ட்ராக்கன். 1995-இல் கவென்ட்ரிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் போனார். அழைத்தவர் ரான் அட்கின்சன், மான்செஸ்டரில் அவருடைய முதல் மேனேஜர். 1996 நவம்பரில் பொறுப்பு அவரிடமே வந்தது. அந்தப் பருவத்தின் கடைசி நாள், 1997 மே 11: கவென்ட்ரி கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்க டாட்டன்ஹாமில் வெல்ல வேண்டும், சண்டர்லண்டும் மிடில்ஸ்பரோவும் வெல்லக் கூடாது. சாலை நெரிசலால் ஆட்டம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதனால் மற்ற மைதானங்களின் முடிவு தெரிந்தபிறகும் கவென்ட்ரி தன் 2-1 முன்னிலையைக் காக்க வேண்டியிருந்தது. காத்தது. கவென்ட்ரி 41, சண்டர்லண்ட் 40, மிடில்ஸ்பரோ 39. பிளாக்பர்ன் ஆட்டத்துக்கு வராமல் போனதற்காக மிடில்ஸ்பரோவுக்கு மூன்று புள்ளி வெட்டப்பட்டிருந்தது. இல்லாவிட்டால் இறங்கியிருப்பது கவென்ட்ரி. ஸ்ட்ராக்கன் அப்போது 40 வயது ஆட்டக்காரராகவும் இருந்தார்.

"கவென்ட்ரியைக் கீழிறக்கியவர்" என்ற பழி அவர்மேல் இருக்கிறது. பாதி உண்மை. 1999-இல் 60 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ராபி கீனை, ஓராண்டில் இன்டர் மிலானுக்கு 1 கோடியே 30 லட்சத்துக்குக் கழகம் விற்றது. அதே கோடையில் கேப்டன் மெக்அலிஸ்டர் லிவர்பூலுக்குப் போனார். லீட்ஸில் கூட நின்ற அதே மெக்அலிஸ்டர். கோல் போடுபவரும் பந்தைப் பகிர்ந்தளிப்பவரும் ஒரே வாரங்களில் போய்விட்டார்கள். வந்த கிரெய்க் பெல்லமிக்கு வேகம் உண்டு. அந்த வேகத்துக்குப் பந்து கொடுக்க ஆள் இல்லை. 2001 மே 5 அன்று ஆஸ்டன் வில்லாவின் மைதானமான வில்லா பார்க்கில் 2-0 என்று முன்னிலை பெற்றும் 3-2 என்று தோற்றார்கள். 34 ஆண்டுகளாக முதல் பிரிவில் இருந்த கழகம் இறங்கியது.

மறுபாதி ஸ்ட்ராக்கனுடைய பொறுப்பு. 1999-2000 பருவத்தில், கீனும் மெக்அலிஸ்டரும் இருந்தபோதே, கவென்ட்ரி வெளியூரில் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லவில்லை. சொந்த மைதானத்தில் 12 வெற்றி, வெளியூரில் பூஜ்யம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேறு ஊரில் வேறு சட்டையில் திரும்ப வரும்.

சவுதாம்ப்டன் பற்றி தங்கள் கட்டுரை மூன்று வரி. 2001 அக்டோபரில் அடிமட்டத்தில் கிடந்த அணியை ஏற்று அந்தப் பருவம் 11-ஆவது, அடுத்த பருவம் 8-ஆவது இடத்துக்குக் கொண்டுவந்தார். 2003 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலிடம் 1-0 தோல்வி. கார்டிஃபில், கூரை மூடிய மைதானத்தில். இங்கே நகாசு வேலை ஏதும் இல்லை. கோல்கீப்பர் அன்டி நியெமி, தடுப்பில் லுண்டெக்வாமும் மைக்கேல் ஸ்வென்சனும், இடது பேக் வெய்ன் பிரிட்ஜ், முன்னால் ஜேம்ஸ் பீட்டி. பீட்டி அந்தப் பருவம் லீகில் 23 கோல். ஓட்டமும் உடற்பயிற்சியும் கூட்டி, நால்வர் வரிசையை நெருக்கமாக நிறுத்தி, பீட்டிக்குக் கிராஸ். "மற்ற இடமெல்லாம் தோற்றவர்" என்பவர்கள் இந்த இரண்டு பருவத்தையும் எங்கே வைப்பார்கள்? 2004 பிப்ரவரியில் அவராகவே விலகினார்.

செல்டிக். 2005 ஜூலை 27, முதல் ஆட்டம், பிராட்டிஸ்லாவாவில் ஆர்ட்மீடியாவிடம் 5-0. இடைவேளையில் 1-0 தான். மீதி நான்கும் அதற்குப் பிறகு. ஐரோப்பிய இரட்டை ஆட்டத்தில் 2-0 தோல்வி பெரிய விஷயமல்ல, வீட்டில் மீட்டுவிடலாம். ஆனால் அன்றே சமன் செய்யத் துடித்து முன்னேறினால் பின்னால் திறந்துகொள்ளும். மறு ஆட்டத்தில் செல்டிக் 4-0 என வென்றும் 5-4 கணக்கில் வெளியே போனது அந்தக் கடைசி கோல்களின் விலை. இடையில் மதர்வெல்லோடு 4-4 வேறு. பத்திரிகைகள் ஒரே வாரத்தில் அவரை அனுப்பிவைக்கத் தயாராகிவிட்டன.

தீர்வு ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது: இத்தாலியின் ரெஜினாவிலிருந்து வந்த ஜப்பானியர் ஷுன்சுகே நகமுரா. இடது கால் ஆட்டக்காரர், வேகம் இல்லாதவர், நிறுத்திய பந்தில் மேதை. ஸ்ட்ராக்கன் அவரை எங்கே நிறுத்தினார்? வலது ஓரத்தில். அவர் உள்ளே திரும்பும்போது இடது கால் தானாகவே கோலை நோக்கி இருக்கும். பின்னால் பேக்காக பால் டெல்ஃபர். கவென்ட்ரி, சவுதாம்ப்டன், செல்டிக் என்று மூன்று இடத்திலும் அவரோடு வந்தவர். எப்போது வெளிப்புறம் ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டாதவர். எதிர் ஓரத்தில், வெயரின் இடத்தில், ஆளைத் தாண்டும் ஏய்டன் மெக்கீடி. அபர்டீன் வரைபடம் அப்படியே. இதைச் சொல்லாமல் செல்டிக் வெற்றியைச் சொல்வது, சமையலைச் சொல்லி அடுப்பைச் சொல்லாமல் விடுவது.

பலன்: 2006, 2007, 2008 தொடர்ந்து மூன்று லீக் பட்டம். செல்டிக்கில் அதற்கு முன் அதைச் செய்தவர்கள் வில்லி மேலியும் ஜாக் ஸ்டீனும் மட்டுமே. 2006 நவம்பர் 21 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 81-ஆவது நிமிடத்தில் நகமுராவின் ஃப்ரீ கிக், பிறகு லூயி சாஹாவின் பெனால்டியை ஆர்தர் போருட்ஸ் தடுத்தது, 1-0. சாம்பியன்ஸ் லீகில் செல்டிக் முதன்முறையாகக் கடைசி 16-க்குள் நுழைந்தது. எதிரணி மேனேஜர் ஃபெர்குசன் என்பதையும் சொல்லிவிடலாம்.

இப்போது அந்தப் பழைய எண். 2006-07 சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் செல்டிக் எடுத்த புள்ளிகள் 9: வீட்டில் மூன்று வெற்றி, வெளியூரில் மூன்று தோல்வி. 2007-08-இலும் 9: வீட்டில் மிலான், பென்ஃபிகா, ஷக்தார் மூவரையும் வென்றது, அதே மூவரிடமும் வெளியூரில் தோற்றது. வீட்டில் முழு மதிப்பெண், வெளியே பூஜ்யம், இரண்டு ஆண்டும் அச்சடித்ததுபோல். மைதானக் கூச்சலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஓர ஆட்டக்காரர்கள் உள்ளே திரும்பி ஆடும் முறைக்கு பேக்குகள் முன்னேற வேண்டும். வீட்டில் பந்து நம்மிடம் அதிகம், முன்னேறலாம். வெளியூரில் எதிரணி அழுத்தும்போது பேக் நகர முடியாது. நகமுரா உள்ளே திரும்பினால் வெளிப்புறத்தில் யாரும் இல்லை. பந்தை வெளியே கொண்டுபோக ஓட்டக்காரன் இல்லாத அணி, அடித்து விரட்டிய பந்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கும். கவென்ட்ரியில் இருந்த அதே நோய். 2008-09-இல் வீட்டிலும் ஆல்போர்குக்கு எதிராக 0-0 என்று வழுக்கியதும், 5 புள்ளியோடு சுற்றில் கடைசி இடம்.

2008 பட்டம் தனிக் கதை. ஏப்ரலில் பரம எதிரியான ரேஞ்சர்ஸ் வெகுதூரம் முன்னால். 11 நாள் இடைவெளியில் இருமுறை அவர்களை வீட்டில் வென்று (2-1, 3-2) செல்டிக் நெருங்கியது. மே 15 அன்று செல்டிக் பயிற்சியாளர் டாமி பர்ன்ஸ் மறைந்தார். மே 22 அன்று டண்டீ யுனைடெட் மைதானத்தில் வென்னகூர் ஆஃப் ஹெசலிங்கின் தலைக்கோல், 1-0. அபர்டீனில் ரேஞ்சர்ஸ் 2-0 தோல்வி. 89-க்கு 86. அடுத்த ஆண்டு கதை தலைகீழ்: கடைசி நாளில் வீட்டில் ஹார்ட்ஸோடு 0-0, பட்டம் ரேஞ்சர்ஸுக்கு. மறுநாளே ஸ்ட்ராக்கன் விலகினார்.

மிடில்ஸ்பரோவை யாரும் காப்பாற்றிப் பேச முடியாது. 2009 அக்டோபரில் ஏற்றபோது அணி நான்காம் இடம். பருவம் முடிந்தது 11-ஆவதில். ஸ்காட்டிஷ் லீகிலிருந்து கிரிஸ் பாய்ட், ஸ்காட் மெக்டொனால்ட், பேரி ராப்சன், கெவின் தாம்சன், ஸ்டீபன் மெக்மானஸ் என்று வரிசையாக வாங்கினார். ஒவ்வொருவரும் நல்லவரே. ஆனால் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் 46 ஆட்டம், வாரம் இரண்டு. எதிரணி ஒவ்வொன்றும் சமபலம். ஸ்காட்லாந்தில் பெரிய கழகத்துக்கு ஆடியவர்களுக்குப் பழக்கம் வேறு: பெரும்பாலான ஆட்டங்களில் எதிரணி தன் பெட்டிக்குள் ஒடுங்கி நிற்கும், பாய்ட் போன்றவர் அங்கே காத்திருந்தால் பந்து வரும். இங்கே பந்து வரவே இல்லை, கொண்டுவர நகமுராவும் இல்லை. 2010 அக்டோபரில் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டு, இழப்பீடு வாங்காமல் போனார். தங்கள் கட்டுரையில் அந்தக் கடைசி விவரம் இல்லை. பணம் பற்றி எழுதும்போது இதையும் எழுதியிருக்கலாம்.

2013 ஜனவரியில் ஸ்காட்லாந்து அணி. யூரோ 2016 தகுதிச் சுற்றை ஜெர்மனி, போலந்து, அயர்லாந்துக்குப் பின் நான்காமிடத்தில் முடித்தார்கள். கெடுத்தது 2015 செப்டம்பரில் ஜார்ஜியாவிடம் 1-0 என்று தோற்றதும், அடுத்த மாதம் போலந்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் லெவண்டோவ்ஸ்கி 2-2 ஆக்கியதும். 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் லித்துவேனியாவோடு வீட்டில் 1-1, பிறகு ஸ்லோவாக்கியாவிடமும் இங்கிலாந்திடமும் தலா 3-0. அதன்பின் ஆறு ஆட்டம் தோல்வியே இல்லை. 2017 ஜூன் 10 அன்று இங்கிலாந்துக்கு எதிராக 87-ஆவது, 90-ஆவது நிமிடங்களில் லீ கிரிஃபித்ஸ் இடது காலால் இரண்டு ஃப்ரீ கிக் கோல்; ஆனால் ஹாரி கேன் இறுதியில் 2-2 ஆக்கிவிட்டார். அக்டோபர் 8 அன்று லுப்லியானாவில் ஸ்லோவேனியாவை வென்றால் பிளே-ஆஃப், அதாவது தகுதி பெற இன்னொரு வாய்ப்பு. கிரிஃபித்ஸ் கோல் போட்டு 1-0. பிறகு பெஸ்யாக்கின் இரண்டு கோல், ஒன்று ஃப்ரீ கிக்கிலிருந்து, மற்றது கார்னரிலிருந்து. கடைசியில் ஸ்காட்லாந்து சமன் செய்தது, 2-2. ஸ்லோவாக்கியாவும் ஸ்காட்லாந்தும் 18 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஸ்லோவாக்கியா மேலே.

ஸ்காட்லாந்துக்குக் கோல் வித்தியாசம் புதிய எதிரி அல்ல. 1974 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் வெளியேறிய அணியின் மேனேஜர் வில்லி ஆர்மண்டும் பழைய விங்கர்தான். ஹிபர்னியனின் புகழ்பெற்ற ஐவரில் இடது ஓரம். சொல்லப்போனால் தங்கள் கட்டுரை "விங்கர்கள் நல்ல மேனேஜராவதில்லை" என்று போகிறபோக்கில் சொன்னதற்கு இன்னொரு பதிலும் ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. ரேஞ்சர்ஸின் வலது விங்கர் டாமி மெக்லீன், 1991-இல் மதர்வெல்லுக்கு ஸ்காட்டிஷ் கோப்பை வென்று தந்தார்; இறுதியில் 4-3 என்று தோற்றது அவருடைய சொந்த அண்ணன் ஜிம் மெக்லீனின் டண்டீ யுனைடெட்.

லுப்லியானாவுக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்காரர்கள் பிறவியிலேயே உயரம் குறைந்தவர்கள் என்ற பொருளில் அவர் பேசியதைத் தங்கள் கட்டுரை நகைச்சுவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதில் நகைச்சுவை இல்லை, சாக்கு இருக்கிறது. ஐந்தடி ஆறங்குலத்தில் ஐரோப்பாவை ஆட்டிவைத்த ஒருவர் அதைச் சொன்னதுதான் உறுத்தல். வாங்கிய கோல்கள் இரண்டும் நிறுத்திய பந்தில் வந்தவை. அங்கே தவறியது உயரமா, ஆளைக் கவனிக்கும் ஒழுங்கா என்று பிட்டோட்ரியின் அந்த ஃப்ரீ கிக்கை அடித்தவருக்குத் தெரியாதா? நான்கு நாளில் பதவி போனது.

அவருக்குப் பிந்தைய ஒரு விவரத்தோடு முடிக்கிறேன். ஆண்ட்ரூ ராபர்ட்சன், கீரன் டியர்னி இருவரையும் தேசிய அணியில் முதலில் களமிறக்கியவர் ஸ்ட்ராக்கன். 2014-இல் ஒருவர், 2016-இல் மற்றவர். இருவரும் இடது பேக். இருவரையும் விட மனமில்லாமல், 2017-இல் டியர்னியை வலப்பக்கத்துக்கு மாற்றி ஆடவைத்தார். இடது கால் ஆட்டக்காரர் வலது ஓரத்தில் வெளிப்புறம் போய் கிராஸ் போட முடியாது. ஒவ்வொரு முறையும் பந்தைத் திருப்பியே ஆக வேண்டும். நகமுராவுக்கு அது பலம், ஏனென்றால் அவர் இருந்தது எதிரணியின் பெட்டிக்குப் பக்கத்தில். பேக்குக்கு அது தடை. பிறகு வந்த ஸ்டீவ் கிளார்க், பின்னால் மூவரை நிறுத்தி, அதில் இடது மூலையை டியர்னிக்கும் அவருக்கு முன்னால் உள்ள ஓரத்தை ராபர்ட்சனுக்கும் கொடுத்தார். 2020 நவம்பர் 12 அன்று பெல்கிரேடில் செர்பியாவைப் பெனால்டிகளில் வென்று, 1998-க்குப் பிறகு முதல்முறையாக ஸ்காட்லாந்து ஆண்கள் அணி ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றபோது இடப்பக்கம் நின்றவர்கள் அந்த இருவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்